சின்ன ரீஃப் தொட்டிக்கு லைட்டை எத்தனை சதவீதத்தில் வைப்பது?

ஜூரோங்_செல்வா:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் சின்னதாக ஒரு ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி, ஓடுகிறது. நீளம் 45, அகலம் 30, உயரம் 40 செ.மீ. பாறையும் மணலும் போக 40 லிட்டர் தண்ணீர் இருக்கும். சைக்கிள் (கழிவை முறிக்கும் பாக்டீரியா வளரும் காலம்) முடிந்து ஒரு ஜோடி கோமாளி மீனும் விட்டாயிற்று. லைட் ஏஐ பிரைம் 16 எச்டி, போன் ஆப்பில் ஒவ்வொரு நிறத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் எல்இடி.

போன வாரம் பவளம் வாங்கினேன்: ரெண்டு ஜோவா துண்டு, ஒரு பச்சை மஷ்ரூம், ஒரு டோட்ஸ்டூல் லெதர், ஒற்றைத் தலை டார்ச். கடைக்காரரே ஆப்பில் செட்டிங் போட்டுக் கொடுத்தார். ராயல் புளூ 110, புளூ 100, வயலட் 80, வெள்ளை 30. பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. ஆனால் டார்ச் பாதிதான் விரிகிறது, மஷ்ரூம் ஓரம் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது. சரியான சதவீதம் எது என்று யாராவது சொல்லுங்களேன்.

உப்புத்தண்ணி:
தம்பி, முதல் வேலையாக நீலச் சேனல் (ராயல் புளூ, புளூ, வயலட் நிறப் பிரிவு) எல்லாவற்றையும் 40க்கு இறக்குங்கள், வெள்ளையை 5க்குக் கொண்டுவாருங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

சதவீதம் விளக்கின் கணக்கு. பவளத்துக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்கள் 16 எச்டி மொத்தமே 59 வாட். ஒரு சேனலைக் குறைத்தால் அந்த மிச்ச மின்சாரத்தை இன்னொரு சேனல் வாங்கிக்கொள்ளும். ராயல் புளூ 100ஐத் தாண்டி 110 என்று காட்டுவது அதனால்தான். அதே 110ஐ 60 செ.மீ. ஆழத் தொட்டிக்கு மேல் நல்ல உயரத்தில் தொங்கவிட்டவர் வீட்டில் ஒரு சிக்கலும் இருக்காது. உங்கள் தொட்டியில் பாறை உச்சி விளக்குக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பார்க்க வேண்டியது பவளம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைத்தான். இதை 'பார்' அளவு என்பார்கள்: 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி, ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்று கணக்கு. மஷ்ரூமுக்கு 30 முதல் 80 போதும். ஜோவா, லெதர், டார்ச் எல்லாம் 80 முதல் 150க்குள் சுகமாக இருக்கும். அக்ரோபோரா மாதிரி எஸ்பிஎஸ் (சின்னப் பாலிப் உள்ள கல் பவளம்) வகைக்குத்தான் 200, 300 என்று போக வேண்டும். அது உங்களிடம் இல்லை.

நாலு விஷயம் சொல்லுங்கள். லைட் தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரம்? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை எரிகிறது? தண்ணீர் வெப்பம்? நைட்ரேட், பாஸ்பேட் என்ன?

ஜூரோங்_செல்வா:
அண்ணே, குறைத்துவிட்டேன். உயரம் 15 செ.மீ. காலை 8 முதல் ராத்திரி 11 வரை ஒரே அளவில் எரிகிறது, அப்புறம் விளக்கின் மங்கலான 'நிலா வெளிச்சம்'. பகலில் 29 டிகிரி வரை போகிறது. நைட்ரேட் 2, பாஸ்பேட் சுழி.

ஒரு சந்தேகம். போனில் லக்ஸ் ஆப் போட்டுப் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் காட்டுவதைவிட இந்த லைட்டுக்குக் குறைவாகத்தான் காட்டுகிறது. பிறகு எப்படி அதிகம் என்கிறீர்கள்?

தேன்மொழி_பி:
லக்ஸ் மனிதக் கண்ணுக்காக உண்டான அளவு. நம் கண்ணுக்கு 555 நானோமீட்டர் பச்சைதான் ரொம்பப் பிரகாசம். அதற்கு 100 மார்க் என்றால் 450 நானோமீட்டர் ராயல் புளூவுக்கு லக்ஸ் கணக்கில் 4 மார்க்தான். ஆகவே நீல விளக்கின் கீழே லக்ஸ் மீட்டர் எப்போதும் குறைத்தே சொல்லும். போன் சென்சார் இன்னும் மோசம்.

பவளத்துக்கு நிலைமை தலைகீழ். அதன் சதைக்குள் இருக்கும் சூசாந்தெல்லே என்ற நுண்பாசிதான் ஒளியைச் சாப்பிடுகிறது. அதன் குளோரோஃபில் ஏ, சி2, பெரிடினின் எல்லாம் சேர்ந்து 430 முதல் 500 வரையிலான நீலத்தைத்தான் அள்ளிக் குடிக்கின்றன. கடலில் சிவப்பு மேல்மட்டத்திலேயே கரைந்துபோகும், ஆழத்துக்கு இறங்குவது நீலம்தான். கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறதே என்று நீலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பவளம் வெளுக்கும் வரை நமக்கு உறைக்காது.

ஒளி மிஞ்சும்போது பாசிக்குள் செலவாகாத சக்தி, வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளாக மாறி செல்லையே அரிக்கும். முதலில் பவளம் சுருங்கி நிழல் தேடும். அதற்கும் மேலே போனால் பாசியை வெளியே துப்பிவிடும். வெளுப்பு என்று சொல்வது அதைத்தான்.

15 மணி நேரம் ஒரே அளவில் எரிவதும் உதவாது. ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு விழுந்தது என்பதும் முக்கியம்: பார் அளவை வினாடிகளால் பெருக்கினால் வரும். 125 பார் 8 மணி நேரம் என்றால் சதுர மீட்டருக்கு 3.6 மோல். அதே 125ஐ 15 மணி நேரம் கொடுத்தால் 6.75. விளக்கைத் தொடாமலே ஒளி ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நீலப்பித்தன்:
இவ்வளவு நீட்ட வேண்டாம். வெள்ளை சுழி, சிவப்பு சுழி, பச்சை சுழி. வயலட், ராயல், புளூ மூன்று மட்டும். கோலாலம்பூரில் என் தொட்டி அப்படித்தான் ஓடுகிறது, ஜோவா நிறம் கண்ணைப் பறிக்கும். வெள்ளை ஏறினால் பச்சைப் பாசிதான் வளரும்.

உப்புத்தண்ணி:
நீலப்பித்தரே, உங்கள் தொட்டி அழகை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பளபளப்பு ஒளிரும் புரதத்தின் வேலை. நீல ஒளியை வாங்கிப் பச்சையாக, ஆரஞ்சாகத் திருப்பி விடுகிறது. பவளம் சோர்ந்து கிடக்கும்போதும் அந்தப் பச்சை மின்னத்தான் செய்யும். முழு நீலத்தில் பார்ப்பவருக்கு வெளுக்க ஆரம்பித்ததே தெரியாது. ஒரு 5, 10 சதவீதம் வெள்ளை இருந்தால் சதை எங்கே மெலிகிறது, எங்கே பழுப்பேறுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். அதற்குத்தான் வெள்ளை கேட்கிறேன், பவளத்துக்காக அல்ல.

பாசிக்கு வெள்ளையை மட்டும் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நீல ஒளியிலும் பாசி நன்றாகவே வளரும். மீன் தீனியும் ஃபில்டர் அழுக்கும் சரியில்லையென்றால் எந்த நிறமும் காப்பாற்றாது.

சிவப்பில் மட்டும் நீங்கள் சொல்வது சரி. ஸ்டைலோஃபோரா பவளத்தை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014ல் வந்தது, சிவப்பு ஒளி கூடினால் அது நலிவதைக் காட்டியது. சிவப்பு, பச்சை இரண்டும் 1 அல்லது 2 சதவீதம், மீனின் நிறம் தெரிவதற்காக. சுழி வைத்தாலும் குடி முழுகாது.

அப்புறம், 'யுவி' (புற ஊதா) சேனலைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். இந்த மாதிரி விளக்குகளில் அது 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதாதான்.

தூத்துக்குடி_டைவர்:
செல்வா, 29 டிகிரியைச் சாதாரணமாக விடாதீர்கள். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளம் வெளுத்தது கோடை வெப்பத்தில்தான். ஏப்ரல், மே மாதத்தில் காற்று அடங்கி, தண்ணீர் தெளிந்து, சூடும் வெயிலும் சேர்ந்து அடித்தால் ஆழம் குறைந்த இடம் முதலில் வெளுக்கும். பாறைக்கு அடியில் நிழலில் இருக்கும் பவளம் அதே தண்ணீரில் தாக்குப்பிடிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெப்பம் ஏற ஏற ஒளியைத் தாங்கும் சக்தி இறங்கும். 26 டிகிரியில் பிரச்சினை செய்யாத லைட் 30ல் செய்யும்.

தொட்டி விளிம்பில் கிளிப் ஃபேன் மாட்டி நீர்ப்பரப்பை உரசுகிற மாதிரி காற்று விடுங்கள். ரெண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும், உப்பளவு ஏறாமல் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கொளத்தூர்_மணி:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். சென்னையில் இருக்கிறேன். பிரைம் வாங்க வசதி இல்லை. சீனக் கறுப்புப் பெட்டி லைட், ஒளியைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ் ரெண்டு: ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. ஆப்பும் இல்லை, சதவீதமும் இல்லை. 2 அடித் தொட்டி. ஜோவா, மஷ்ரூம் மட்டும்தான். அடுத்து ஒரு ஹேமர் பவளம் வாங்கலாம் என்று ஆசை. இதில் ஓடுமா?

நெறியாளர்:
மணி, லைட்டுக்குப் பதில் மற்றவர்கள் சொல்வார்கள். ஹேமர் விஷயத்தில் ஒன்று. இந்தியாவில் கல் பவளம் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாமே 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. ஹேமர், டார்ச், அக்ரோபோரா எல்லாம் கல் பவளம்தான். கடலிலிருந்து எடுப்பதும் வாங்குவதும் விற்பதும் குற்றம், இறந்த துண்டாக இருந்தாலும் சரி. ஜோவாவும் மஷ்ரூமும் கல் பவள வகையில் சேராதவை. இந்தியாவில் இருப்பவர்கள் கல் பவளம் வாங்க விற்க இந்த இழையைப் பயன்படுத்த வேண்டாம்.

உப்புத்தண்ணி:
மணி, உங்கள் பெட்டியும் வேலை செய்யும். அதற்கு லென்ஸ் குறுகலாக இருக்கும், நட்டநடுவில் ஒளி குத்தும், ஓரம் இருட்டும். ஆகவே தண்ணீருக்கு மேல் 35, 40 செ.மீ. உயர்த்தித் தொங்கவிடுங்கள். வெள்ளைக் குமிழை மிகக் குறைந்த இடத்தில், நீலத்தைக் கால் பங்கில் வைத்துத் தொடங்குங்கள். நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனி வயர் இருந்தால் ஆளுக்கொரு டைமர் பிளக் போதும். முதலில் நீலம் எரிந்து ஒரு மணி நேரம் கழித்து வெள்ளை, அணையும்போது முதலில் வெள்ளை. ஜோவா, மஷ்ரூமுக்கு இதற்கு மேல் செலவு வேண்டியதில்லை.

செல்வா, உங்கள் ஊரில் பார் மீட்டர் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று கடைகளில் விசாரியுங்கள். அப்போஜி எம்க்யூ-510 கிடைத்தால் நல்லது. பழைய எம்க்யூ-200 நீலத்தைக் குறைத்துக் காட்டும். அளப்பதற்கு முன்னால் லைட்டை 25 செ.மீ. உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். உயரம் மாறினால் எல்லா எண்ணும் மாறும், ஆகவே அதை முதலில் முடிவு செய்து ஸ்க்ரூவை இறுக்கிவிட வேண்டும்.

ஜூரோங்_செல்வா:
மீட்டர் கிடைத்தது. 25 செ.மீ. உயரம், வயலட், ராயல், புளூ மூன்றும் 55, வெள்ளை 8, சிவப்பு பச்சை 1. இந்த செட்டிங்கில் அளந்தேன்:

பாறை உச்சி 190
பாறையின் நடுப்படி 125
மணல், நடுவில் 80
முன்பக்க இடது மூலை 40
பாறைக்குப் பின்னால் தொங்கலுக்குக் கீழே 15

ஒரே தொட்டியில் இத்தனை வித்தியாசம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பம்பை நிறுத்தி அளந்தால் எண் நிற்கிறது, ஓடவிட்டால் அலையில் மேலும் கீழும் குதிக்கிறது. ஃபேன் மாட்டியதில் தண்ணீர் 26.5க்கு வந்துவிட்டது.

உப்புத்தண்ணி:
அருமை, இனி வேலை சுலபம். ஐந்து பவளத்துக்கும் ஒரே எண்ணைத் தேட வேண்டாம். லைட்டை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, பவளத்தை அதனதன் எண்ணுக்கு நகர்த்துங்கள்.

மஷ்ரூம் மூலைக்கு, 40ல். அடியில் ரொம்ப வேகமாகத் தண்ணீர் ஓடாத இடமாகப் பாருங்கள். லெதர் நடுப்படியில். ஒரு ஜோவா துண்டு அதன் பக்கத்தில், இன்னொன்று மணலில், எது விரும்புகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். டார்ச்சுக்கு மணல் நடுவில் 80 இப்போதைக்குப் போதும். அதைச் சுற்றி நாலாபக்கமும் 10, 15 செ.மீ. காலி விடுங்கள், கொட்டும் இழையை ராத்திரியில் நீட்டிப் பக்கத்துப் பவளத்தைச் சுட்டுவிடும். 45 செ.மீ. தொட்டியில் இது பெரிய இடம்தான், என்ன செய்வது. பாறை உச்சி காலியாகவே இருக்கட்டும்.

ஆனால் 55ல் நாளைக்கே ஓட்ட வேண்டாம். மேட்னி ஷோ முடிந்து தெருவுக்கு வந்தால் நம் கண் ஒரு நிமிடத்தில் பழகிவிடும். பவளம் தன் பாசியின் நிறமியைக் கூட்டிக் குறைத்துப் பழக வாரக்கணக்கில் ஆகும். இப்போது ஓடும் 40லேயே நிறுத்துங்கள். எல்இடியில் சதவீதமும் பாரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இறங்கும், ஆகவே நடுப்படியில் இப்போது 90 வரும். வாரத்துக்கு 4, 5 சதவீதம் ஏற்றுங்கள். ஆப்பிலேயே பழக்கப்படுத்தும் வசதி இருக்கிறது, நாள் கணக்கைக் கொடுத்தால் அதுவே ஏற்றும். நான் கையால் ஏற்றுகிற ஆள். பவளத்தைப் பார்த்துவிட்டு ஏற்றுவதா வேண்டாமா என்று நாமே முடிவு செய்ய வேண்டும்.

நேரம்: வேலைக்குப் போகிறவர் என்றால் மதியம் 12க்கு ஏற ஆரம்பித்து 2 மணிக்கு உச்சம், 8 மணி வரை அப்படியே, 10 மணிக்கு முழு இருட்டு. ஏறும் இறங்கும் நேரத்தைப் பாதிப்பாதியாகக் கணக்கிட்டால் 8 மணி நேர முழு ஒளிக்குச் சமம். வீட்டுக்கு வரும்போது தொட்டி உச்சத்தில் இருக்கும். நிலா வெளிச்சம் உங்கள் ஆசைக்கு ஒரு மணி நேரம், விடிய விடிய வேண்டாம்.

பாஸ்பேட் சுழி என்பதுதான் எனக்கு லைட்டைவிடக் கவலை. ஒளி கூடக்கூட பாசிக்குச் சத்தும் வேண்டும். சுழிச் சத்தில் நல்ல லைட் போட்டால் பவளம் வெளிறும், டைனோ என்ற பழுப்புச் சளியும் மணலில் படரும். மீனுக்குக் கொஞ்சம் தாராளமாகத் தீனி போடுங்கள். பாஸ்பேட் 0.03 முதல் 0.1, நைட்ரேட் 5 முதல் 10 என்று நிற்கட்டும். அதுவரை சதவீதத்தை ஏற்றவே வேண்டாம்.

நீலப்பித்தன்:
அண்ணன் சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், உயரம். ஒற்றை விளக்கு என்றால் நிழல் கத்தி மாதிரி விழும். பவளம் வளர்ந்து தன் காலடியையே மறைத்து, அந்தப் பக்கம் சதை போய்விடுகிறது. உயர்த்தினால் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி கொஞ்சம் உள்ளே போகும். ஆனால் வெள்ளை 8 எனக்குச் சம்மதமில்லை, 3!

உப்புத்தண்ணி:
3 என்றால் 3. சண்டைக்கு வரவில்லை.

ஜூரோங்_செல்வா:
ஒரு மாதம் ஓடிவிட்டது, இப்போது 50ல் இருக்கிறது. பாஸ்பேட் 0.05. மஷ்ரூம் மூலையில் தட்டையாக விரிந்து கிடக்கிறது. டார்ச் இழை நீண்டு அலையில் ஆடுகிறது. நடுப்படி ஜோவா கச்சிதம். மணலில் வைத்த ஜோவாவின் காம்பு மட்டும் ஒட்டடைக்குச்சி போல் மேலே எழும்புகிறது. லெதர் மூன்று நாளாக மூடிக்கொண்டு மெழுகு பூசியதுபோல் இருக்கிறது. லைட்டைக் குறைக்கவா?

தேன்மொழி_பி:
லெதருக்காகக் குறைக்க வேண்டாம். அது அவ்வப்போது மேல்தோலை உரித்துப் போடும். அந்தச் சமயம் மூடி, சுருங்கி, மெழுகுப் படலத்தோடு நிற்கும். பம்பைச் சற்று அதன் பக்கம் திருப்பினால் தோல் சீக்கிரம் கழன்றுவிடும்.

ஜோவா காம்பு நீள்வது ஒளி போதாமல்தான். அதே ஜோவா ஒளி மிஞ்சினால் பாறையோடு ஒட்டிக் குட்டையாகி, முகத்தைச் சின்னதாக்கிக்கொள்ளும். மொத்தமாகப் பழுப்பேறினால் பாசி கூடிவிட்டது என்று அர்த்தம். ஒளி குறைந்தாலும் கூடும், நைட்ரேட் ஏறினாலும் கூடும், ஆகவே பழுப்பைப் பார்த்ததும் லைட்டில் கை வைக்காமல் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அந்த ஒரு துண்டை மட்டும் ஒரு படி மேலே ஏற்றிவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு எடுங்கள். சில ஜோவாக்களிலும் அதன் இனமான பாலித்தோவாவிலும் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. அவை ஒட்டிய பாறையை யாரும் வெந்நீரில் போடக் கூடாது, ஆவியை முகர்ந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

ஜூரோங்_செல்வா:
சரி அக்கா, மாற்றிவிடுகிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன், ரெண்டு வாரம். தம்பி வந்து தீனி போடுவான். லைட்டைக் குறைத்து வைத்துவிட்டுப் போகவா, இப்படியே விடவா?

உப்புத்தண்ணி:
இப்படியே விடுங்கள். ஊருக்குக் கிளம்புகிற வாரத்தில் எந்த மாற்றமும் கூடாது, 55க்கு ஏற்றுவது திரும்பி வந்த பிறகு. ஆப்பில் பழக்கப்படுத்தும் வசதி தவறிப் போய் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

போவதற்கு முதல் நாள் லைட்டை அணைத்து, ஆறவிட்டு, லென்ஸை ஆர்ஓ தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். உப்புத் தெறித்து வெள்ளையாகப் படிந்திருக்கும். அது எவ்வளவு ஒளியைத் தின்கிறது என்று துடைத்தபின்தான் தெரியும். மாதக்கணக்கில் துடைக்காமல் விட்டு ஒரே நாளில் துடைத்தால் அதுவே பவளத்துக்குத் திடீர் வெளிச்சம், ஆகவே வந்த பிறகும் வாரா வாரம் செய்யுங்கள். விளக்கின் மேல்பக்க ஃபேனில் தூசி அடைத்திருந்தால் அதையும் தட்டிவிடுங்கள், சூடேறினால் விளக்கு தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். தொட்டியின் கிளிப் ஃபேன் ஓடுவதால் ஏடிஓ (ஆவியாகும் தண்ணீரைத் தானாக ஈடுகட்டும் கருவி) வாளி ரெண்டு வாரத்துக்குத் தாங்காது. பெரிய வாளியாக வாங்கி வைத்துவிட்டு, எந்தக் கோடு வரை நிரப்ப வேண்டும் என்று மார்க்கரில் போட்டுத் தம்பியிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.